சிவக்கும் பாத்திகள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முத்தையாபுரத்தைக் கடக்கும்போது இரு புறமும் உப்பளங்கள் விரிந்து கிடக்கும். கோடையில் அவற்றைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு, அங்குள்ள நீர் எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை என்பது தெரிந்திருக்கும். முதலில் தேக்கும் நீர் சாதாரணமாக இருக்கும். அடுத்தடுத்த பாத்திகளில் லேசாகப் பச்சை தட்டும். உப்பு இறங்கும் கடைசிப் பாத்திகளோ சில வேளைகளில் செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் சிவந்து கிடக்கும். பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆலைக்கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொன்னார். அந்த ஊரில் அப்படி நினைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிவப்பு கழிவன்று. அது முழுக்க முழுக்க உயிர்.

உப்பு விளைவிப்பது பார்வைக்கு எளிய தொழில். தூத்துக்குடிப் பக்கத்து அளங்களில் பலவும் கடல்நீரை நேரடியாக எடுப்பதில்லை. நிலத்தடியில் உள்ள உவர்நீரை ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைக்கின்றன. அந்த நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலிலும் காற்றிலும் சுண்டச் சுண்ட, அதன் அடர்த்தியைப் பாமே மானியை மிதக்கவிட்டு ‘இத்தனை டிகிரி’ என்று கணக்கிடுகிறார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. சுண்ணாம்பும் ஜிப்சமும் வழியிலேயே படிந்து விலகிவிடும். 25 டிகிரியை ஒட்டித்தான் சோற்றுப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிக் கசக்கும் என்பதால், அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவில் இருந்த உப்பு, கடைசிப் பாத்தியில் 300 கிராமைத் தாண்டியிருக்கும். அதில் மீன் பிழைக்காது, நண்டு பிழைக்காது. உவர்நீரில் வளரும் ஆர்ட்டீமியா என்ற சிறு இறால் வகைகூட அதற்கு முந்தைய பாத்திகளோடு நின்றுவிடும். ஆனால் அந்தக் கடைசிப் பாத்தியின் ஒரு மில்லிலிட்டர் நீரில் 1 கோடி முதல் 10 கோடி வரை செல்கள் இருக்கும். திறந்த கடலின் மேற்பரப்பு நீரில் இருப்பதைவிட இது பத்து மடங்குக்கும் மேல்.

அளத்துக்காரர்களுக்கு இந்த நிறம் புதிதன்று. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “தண்ணி செவந்துட்டுன்னா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம், தம்பி. செவக்காத பாத்தியில உப்பு சுணங்கித்தான் வரும்” என்றார். அவர் சொன்னதன் முதல் பாதி அடர்த்தியைக் காட்டும் அடையாளம். இரண்டாம் பாதிக்கும் இயற்பியல் காரணம் உண்டு. நிறமற்ற நீரைவிடச் சிவந்த நீர் வெயிலை மிகுதியாக உறிஞ்சிச் சூடாகிறது, அதனால் விரைந்து ஆவியாகிறது. உப்பளத் தொழிலில் பல நாடுகளிலும் இந்தச் சிவப்பை நல்ல அறிகுறியாகவே கொள்கிறார்கள்.

நான் நுண்ணுயிரியல் படித்த கல்லூரியில், அதீதச் சூழல்களில் வாழும் உயிர்கள் என்ற பாடம் பாடநூலில் ஓரிரு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 1960களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிக்கஸ், அதன் நொதியால் பிற்காலத்தில் சாத்தியமான பி.சி.ஆர். சோதனை, ஆழ்கடல் வெந்நீர்ப் பிளவுகள் என்று பட்டியல் ஓடும். சில மைல் தொலைவில் பாத்தி பாத்தியாகச் சிவந்து கிடந்ததை எவரும் எங்களுக்குக் காட்டவில்லை. அதைவிட என்னை உறுத்தியது அந்தப் பாடத்தின் தொனி. கொதிநீரைத் தாங்குகிறது, அமிலத்தைத் தாங்குகிறது, உப்பைத் தாங்குகிறது என்று ஒவ்வொன்றும் ஒரு வீரனைப் போல வருணிக்கப்பட்டது. வெகுமக்கள் அறிவியல் எழுத்துகள் இன்றும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. உப்பளத்து உயிர்களைப் பொறுத்தவரை இந்த வருணனை பெரும்பாலும் தவறானது. அவை உப்பைச் சகித்துக்கொண்டு வாழவில்லை. உப்பு குறைந்தால் செத்துப்போகும் அளவுக்குத் தம்மை அதோடு கட்டிப்போட்டுக்கொண்டவை அவை. அவற்றின் புரதம், சுவர், நிறம் என எதை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கட்டிலிருந்துதான் விளங்கும்.

இதை நேரில் பார்ப்பது கடினமன்று. சிவந்த பாத்தியின் நீர் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மூடுகண்ணாடியால் மூடி, நல்ல நுண்ணோக்கியில் வைத்தால் போதும். முதலில் கண்ணில் படுபவை டுனலியெல்லா என்ற ஒருசெல் பாசிகள். ஆரஞ்சு நிறத்தில், இரண்டு கசையிழைகளை அடித்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் நீந்தும். அவற்றின் அளவு ஏறக்குறைய 10 மைக்ரான். அவற்றுக்கு இடையே, உருப்பெருக்கத்தைக் கூட்டினால், மெல்லிய கோல்கள் மொய்த்துக்கொண்டிருப்பது தெரியும். அவைதான் ஹாலோபாக்டீரியம் வகையைச் சேர்ந்தவை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. துளியின் விளிம்பு உலர்ந்து, நேர்க்கோட்டு விளிம்புகளுடன் சதுரச் சதுரமாக உப்புப் படிகங்கள் உள்நோக்கி வளரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மூடுகண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒரு சொட்டு வாலை வடிநீரை வைத்து, எதிர்ப்பக்கத்தில் வடிதாளால் ஒற்றி நீரை உள்ளே இழுத்தால், நன்னீர் பரவும் திசையில் கோல்கள் ஒவ்வொன்றாக உருண்டையாகின்றன. உருண்டைகள் சற்றே உப்பிப் பிறகு மங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகின்றன. உப்புநீரில் துடிப்பாக நீந்திய ஓர் உயிரை நாம் குடிக்கும் நீர் கொல்வதைக் கண்ணால் பார்ப்பது, பாடநூலின் பல பக்கங்களைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. எல்லா உப்புவிரும்பிகளும் இப்படிக் கரைவதில்லை. ஹாலோகாக்கஸ் என்ற உருண்டை வகைக்குத் தடித்த சுவர் உண்டு, அது தாக்குப்பிடிக்கும். ஆனால் பெரும்பான்மை கரைந்துவிடும்.

ஏன் கரைகின்றன என்பதற்கு, அவை உப்பில் எப்படி இருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடர்ந்த உப்புநீரில் போட்ட எந்தச் செல்லிலிருந்தும் நீர் வெளியே இழுபடும். ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பதே இதனால்தான். இதைத் தடுக்க வேண்டுமானால், வெளியே உள்ள அடர்த்திக்கு ஈடாக உள்ளேயும் எதையாவது நிரப்பி வைக்க வேண்டும். டுனலியெல்லா கிளிசராலைத் தானே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. கிளிசரால் புரதங்களுக்குத் தீங்கு செய்யாது என்பதால், அதன் நொதிகள் மற்றப் பாசிகளின் நொதிகளைப் போலவே இருந்தால் போதும். ஆனால் அவ்வளவு கிளிசராலைத் தயாரிக்க ஏராளமான ஆற்றல் செலவாகிறது. ஹாலோபாக்டீரியம் வேறு வழியைத் தேர்ந்திருக்கிறது. அது சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, பொட்டாசியம் குளோரைடைத் தன் உள்ளேயே குவித்துக்கொள்கிறது. நம் செல்களில் உள்ள பொட்டாசியத்தைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு அங்கே இருக்கும். செலவைப் பார்த்தால் இது மலிவான வழி. வெளியிலேயே கிடைக்கும் உப்பைத்தான் உள்ளே இழுத்து வைக்கிறது.

ஆனால் அந்த அளவு உப்பில் சாதாரணப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிப்போகும். ஆய்வகத்தில் புரதத்தைப் பிரித்தெடுக்க நாமே உப்பைக் கொட்டித்தான் அதைப் படிய வைக்கிறோம். எனவே உப்பை உள்ளே விட்ட உயிர், தன் புரதங்களை எல்லாம் மாற்றி அமைத்தாக வேண்டும். ஹாலோபாக்டீரியத்தின் புரதங்களின் மேற்பரப்பில் அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் என்ற இரு அமினோ அமிலங்கள் மிகுதியாக இருக்கின்றன. இவை எதிர்மின் கொண்டவை. சுற்றியுள்ள உப்போடு போட்டியிட்டு நீர்மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் பிடித்துவைக்கும். அதேவேளையில் பொட்டாசியம் அயனிகள் இந்த எதிர்மின்களுக்கு இடையே நின்று அவற்றின் விலக்கத்தைத் தணிக்கின்றன. உப்பை எடுத்துவிட்டால் எதிர்மின்கள் ஒன்றையொன்று தள்ளும். புரதம் தன் மடிப்புகளை இழந்து அவிழ்ந்துபோகும். செல்லின் மேலுறையாக உள்ள கிளைக்கோபுரதப் போர்வைக்கும் இதே கதிதான்; அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது சோடியம். வாலை வடிநீர் வந்து சோடியத்தை நீர்க்கச் செய்ததும் போர்வை பிரிகிறது, செல் உருண்டையாகி உடைகிறது. ஹாலோபாக்டீரியம் நன்றாக வளர லிட்டருக்கு 200 முதல் 250 கிராம் உப்பு தேவைப்படுவதும், கடல்நீரே அதற்கு உயிரைக் குடிக்கும் நன்னீராக இருப்பதும் இதனால்தான்.

பெயரில் பாக்டீரியம் என்று இருந்தாலும் இது பாக்டீரியா அன்று. மோரிஸ் கேட்ஸ் 1960களில் கனடாவின் ஆட்டவாவில் இவற்றின் செல்சவ்வுக் கொழுப்பை ஆராய்ந்தபோதே, மற்ற உயிர்களில் இருப்பதுபோன்ற எஸ்டர் இணைப்புகளுக்குப் பதிலாக ஈதர் இணைப்புகள் இருப்பதைக் கண்டிருந்தார். அது உப்பினால் ஏற்பட்ட ஒரு விசித்திரம் என்றே பலகாலம் கருதப்பட்டது. 1977இல் கார்ல் வோசும் ஜார்ஜ் ஃபாக்சும் செல்லில் புரதம் தயாரிக்கும் ரிபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பாக்டீரியாவிலிருந்து முற்றிலும் வேறான ஒரு கிளை என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே உப்புவிரும்பிகளும் அந்தக் கிளையில் சேர்க்கப்பட்டன. ஆர்க்கியா என்று இன்று நாம் சொல்லும் பெரும்பிரிவு அதுதான். பெயர் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஸ்பெயின் உப்பளங்களிலிருந்து 2002இல் விவரிக்கப்பட்ட சாலினிபாக்டர் ரூபர் என்பது உண்மையாகவே பாக்டீரியா. ஆனால் அதுவும் சிவப்பாக இருக்கிறது, அதுவும் பொட்டாசியத்தை உள்ளே குவிக்கிறது, அதன் புரதங்களிலும் அதே எதிர்மின் மிகுதி. உறவே இல்லாத இரண்டு உயிர்கள் ஒரே பாத்தியில் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருப்பது, இந்தத் தகவமைப்பின் தவிர்க்கவியலாத தன்மையைக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். டுனலியெல்லாவில் பீட்டா கரோட்டின் ஏராளமாக இருக்கிறது. கேரட்டில் உள்ள அதே பொருள்தான், வெயில் கூடினால் அதன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சேரும். எனவே பாத்தியின் சிவப்புக்கு டுனலியெல்லாதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ஜெருசலேமில் பணியாற்றிய ஆரன் ஓரன் இதை அளந்து பார்த்து வேறுவிதமாகச் சொன்னார். டுனலியெல்லாவின் கரோட்டின் செல்லுக்குள் சிறு உருண்டைகளாகத் திரண்டு கிடப்பதால், அது இருக்கும் அளவுக்கு ஒளியை உறிஞ்சுவதில்லை. ஆர்க்கியாக்களின் பாக்டீரியோரூபெரின் என்ற நிறமியோ கோடிக்கணக்கான செல்களின் சவ்வு முழுவதும் பரவியிருக்கிறது, ஆகவே கண்ணுக்குத் தெரியும் சிவப்பில் பெரும்பங்கு அதனுடையது. நிழலே இல்லாத ஆழமற்ற நீரில் நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் உயிருக்கு ஒளியின் சேதத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும். அந்த வேலையை பாக்டீரியோரூபெரின் செய்கிறது.

அதோடு நிற்காமல் ஹாலோபாக்டீரியம் அந்த வெயிலையே பயன்படுத்தவும் கற்றிருக்கிறது. உப்பு கூடக் கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். சிவந்த பாத்தியில் மூச்சுவிடுவது கடினம். ஆக்சிஜன் குறையும்போது இதன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றுகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் வால்தர் ஸ்டோக்கெனியசின் ஆய்வகத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டீட்டர் ஊஸ்டர்ஹெல்ட், இந்த ஊதாச் சவ்வோடு கரிமக் கரைப்பானைச் சேர்த்தபோது அது மஞ்சளாக மாறுவதைக் கவனித்தார். நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினோடு இணைந்துள்ள ரெட்டினால் என்ற மூலக்கூறுதான் அந்த ஊதாவுக்கும் காரணம் என்று இருவரும் 1971இல் எழுதினார்கள். விலங்குகளின் பார்வைக்குரிய பொருள் ஓர் உப்பளத்து நுண்ணுயிரில் இருக்கிறது என்பதைப் பலர் அப்போது எளிதில் நம்பவில்லை. பாக்டீரியோரோடாப்சின் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதத்தின் வேலை பார்வையன்று. பச்சை ஒளி அதன்மேல் விழும்போதெல்லாம் அது ஒரு புரோட்டானைச் செல்லிலிருந்து வெளியே தள்ளுகிறது. வெளியே குவிந்த புரோட்டான்கள் திரும்ப உள்ளே பாயும் விசையில், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு உருவாகிறது. பச்சையம் இல்லாமல் சூரிய ஒளியை ஆற்றலாக மாற்றும் வழி இது. பச்சை ஒளியை அது எடுத்துக்கொள்வதால்தான் நமக்கு ஊதாவாகத் தெரிகிறது.

இந்த ஒரு புரதம் செய்த வேலைகளைப் பார்த்தால் வியப்புதான் வருகிறது. செல்கள் புரோட்டான் ஏற்றத்தாழ்வின் வழியாகவே ஏ.டி.பி. செய்கின்றன என்று பீட்டர் மிச்செல் சொல்லி, உயிர்வேதியியலாளர்கள் அதை ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1974இல் எஃப்ரயீம் ராக்கரும் ஸ்டோக்கெனியசும் கொழுப்பால் ஆன செயற்கைப் பைகளில் ஒரு பக்கம் உப்பளத்து பாக்டீரியோரோடாப்சினையும் இன்னொரு பக்கம் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த ஏ.டி.பி. உண்டாக்கும் நொதியையும் பதித்து, விளக்கை ஏற்றினார்கள். ஏ.டி.பி. உருவானது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது புரோட்டான் மட்டுமே என்பதால் வாதம் ஏறத்தாழ முடிந்தது. மிச்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் கேம்பிரிட்ஜில் ஊதாச் சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, சவ்வைக் குறுக்காகத் துளைத்து நிற்கும் ஏழு சுருள்களைக் காட்டினார்கள். சவ்வுப் புரதம் ஒன்றின் வடிவம் வெளிப்பட்டது அப்போதுதான். ஊதாச் சவ்வில் புரதங்கள் இயற்கையாகவே படிகம்போல் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. ஹெண்டர்சன் அதே பாதையில் தொடர்ந்து சென்று 2017இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உப்பளத்திலிருந்து கிளம்பிய இன்னொரு கதை இதைவிட அதிகம் பேசப்படுகிறது, ஆனால் அதன் தொடக்கம் பேசப்படுவதில்லை. ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் அலிகாந்தேவுக்கு அருகே சாந்தா போலா என்ற இடத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பிரித்தெடுத்த ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி என்ற ஆர்க்கியாவை, உப்பின் அளவு மாறும்போது அதன் மரபணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அறிய, பிரான்சிஸ்கோ மொஹிகா என்ற ஆய்வு மாணவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் டி.என்.ஏ.வில் 30 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர், சீரான இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வந்தது. 1993இல் அதை வெளியிட்டார். இதுபோன்ற ஒன்று ஜப்பானில் ஒரு குடல் பாக்டீரியாவில் 1987இலேயே பார்க்கப்பட்டிருந்தது, ஆனால் அதன் பொருள் எவருக்கும் தெரியவில்லை. மொஹிகா அதை விடவில்லை. அந்தத் தொடர்களுக்கு இடையே இருக்கும் துண்டுகள், நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகின்றன, எனவே இது ஒரு நோயெதிர்ப்பு அமைப்பு என்ற அவரது கட்டுரை, சில இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு 2005இல் வெளியாயிற்று. கிரிஸ்பர் என்று இன்று உலகமே அறிந்த மரபணுத் திருத்தக் கருவியின் வேர் அது. 2020ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதைக் கருவியாக்கிய எமானுவெல் ஷார்பான்டியேவுக்கும் ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் போயிற்று; மொஹிகாவின் பெயர் அதில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

வைரஸ் எதிர்ப்பு அமைப்பின் தடயம் ஓர் உப்பளத்து உயிரில் கிடைத்ததில் பொருத்தம் இருக்கிறது. சாதாரணக் குளத்தில் நுண்ணுயிர்களை மேய்ந்து தின்னும் ஒருசெல் விலங்குகள், உப்பு உச்சத்துக்குப் போன பாத்தியில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகின்றன. அங்கே ஆர்க்கியாக்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரும் பகை வைரஸ்கள்தான். செல்களைவிட அவற்றின் எண்ணிக்கை மிகுதி.

பாத்தியின் குடிமக்களில் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1980இல் ஆன்டனி வால்ஸ்பி, சினாய் தீபகற்பத்தின் கடலோர உவர்க்குட்டை ஒன்றின் நீரில், தபால்தலையைப் போலத் தட்டையான, நான்கு மூலைகளும் கூர்மையான சதுரச் செல்களைப் பார்த்தார். உயிருள்ள செல்கள் உருண்டையாகவோ கோலாகவோ இருக்கும் என்பது அதுவரை ஏறக்குறைய விதி. உள்ளழுத்தம் எதையும் உப்ப வைக்கும். உள்ளும் புறமும் உப்பு சமமாக இருந்தால் உள்ளழுத்தம் என்பதே இருக்காது, சதுரமாக இருப்பதில் தடையும் இல்லை. உலகின் பல உப்பளங்களில் இதுவே பெரும்பான்மை உயிராக இருந்தும், ஆய்வகத்தில் அதை வளர்க்க 2004 வரை எவராலும் முடியவில்லை. அந்த ஆண்டில் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெற்றி பெற்றன. ஹாலோகுவாட்ரேட்டம் வால்ஸ்பியை என்று அதற்குக் கண்டவரின் பெயரே வைக்கப்பட்டது.

இந்த உயிர்கள் உப்பளத்தோடு நிற்பதில்லை. கடற்கரை ஊர்களில் கருவாடு போடுகிறவர்களுக்கு, மழைக்குளிர் இல்லாத புழுக்கமான நாட்களில் உப்பிட்ட மீனின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்புப் படர்ந்து, நாற்றம் வந்து, சரக்கு வீணாவது தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலும் உப்பிட்ட காட் மீன் இப்படிச் சிவந்து வணிகர்களைத் தவிக்கவிட்டது. வில்லியம் ஃபார்லோ என்ற தாவரவியலாளர் அதை ஆராய்ந்து, மீனில் தேய்த்த உப்பிலேயே அந்த உயிர் வந்து சேர்கிறது என்று 1880இல் எழுதினார். கெடாமல் இருக்க எந்த உப்பைப் போடுகிறோமோ, அந்த உப்பே கெடுக்கும் உயிரைக் கொண்டுவருகிறது. மனிதருக்கு இவற்றால் நோய் வருவதில்லை. நம் உடலின் உப்பில் அவற்றால் உயிர்தரிக்கவே முடியாது. நான் படித்த காலத்தில், கடையில் வாங்கிய கல்லுப்பை அடர்ந்த உப்புநீரில் கரைத்து, மக்னீசியமும் ஈஸ்ட் சாறும் சேர்த்து, 40 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே பல வாரங்கள் வைத்திருந்தேன். நீர் முதலில் மங்கலாகி, பிறகு ரோஜா நிறத்துக்கு வந்து, கடைசியில் நன்றாகவே சிவந்தது.

அதாவது, அந்தக் கல்லுப்புக்குள் அவை உயிரோடு இருந்திருக்கின்றன. எப்படி என்றால், உப்பு விரைந்து படிகமாகும்போது கூடவே தாய்நீரின், அதாவது தான் இறங்கிய உவர்நீரின், சிறு துளிகளையும் உள்ளே அடைத்துக்கொள்கிறது. திருஷ்டி கழித்து அடுப்பில் போடும் கல்லுப்பு படபடவென்று வெடிப்பது, உள்ளே சிறைப்பட்ட இந்தத் துளிகள் ஆவியாகிப் படிகத்தைப் பிளப்பதால்தான். அந்தத் துளிகளில் ஆர்க்கியாக்களும் சிக்கிக்கொள்கின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி அளங்கள் முழுவதும் நன்னீரால் நிரம்பும்போது, பாத்தியில் இருந்த செல்களில் பெரும்பகுதி வடிநீர் பட்டவற்றைப்போலக் கரைந்து போகும் என்றே கொள்ள வேண்டும். கனமான உவர்நீர் சில இடங்களில் அடியில் தங்கியிருக்கலாம். அதைவிடப் பாதுகாப்பான இடம் படிகத்தின் உள்துளி. நன்னீரில் ஒரு நொடியும் நிற்க முடியாத உயிருக்கு, உலர்ந்த உப்பில் பல ஆண்டுகள் கிடப்பது இயலும் என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றும். ஆனால் அந்தத் துளிக்குள் உப்பு எப்போதும் உச்ச அளவில்தான் இருக்கிறது. அதற்குத் தேவையானது அது ஒன்றே.

எத்தனை ஆண்டுகள் என்பதில்தான் சண்டை. 2000ஆம் ஆண்டில் ரஸ்ஸல் விரீலாண்டும் அவருடைய குழுவினரும், நியூ மெக்சிகோவின் நிலத்தடியில் 25 கோடி ஆண்டு பழைய உப்புப் படுகையிலிருந்து எடுத்த படிகத்தின் உள்துளியில் ஒரு பாக்டீரியாவை உயிர்ப்பித்ததாக அறிவித்தார்கள். ஆர்க்கியா அன்று, வித்து உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. செய்தித்தாள்கள் கொண்டாடின. அடுத்த ஆண்டே டான் கிரவுரும் தால் புப்கோவும், அதன் மரபணுத் தொடர் இன்று சாக்கடலில் வாழும் ஓர் இனத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போவதைச் சுட்டிக்காட்டினார்கள். 25 கோடி ஆண்டு இடைவெளிக்குரிய வேறுபாடு அதில் இல்லை. பாறை பழையதாக இருந்தாலும் அதற்குள் ஊடுருவிய நீரால் சில படிகங்கள் பிற்காலத்தில் கரைந்து மீண்டும் உருவாகியிருக்கலாம் என்பது இன்னோர் ஆட்சேபம். நான் ஐயப்படுகிறவர்கள் பக்கம்தான். டி.என்.ஏ. தானாகவே உடைந்துகொண்டிருக்கும் ஒரு மூலக்கூறு. உறங்கும் வித்தால் அதைச் சரிசெய்ய முடியாது, விழித்திருக்கும் செல்லோ அதற்கு ஆற்றல் தேட வேண்டும்.

அதனால்தான் டிம் லோவன்ஸ்டைனின் குழு கலிபோர்னியாவின் டெத் வேலியில் செய்த வேலை எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 22,000 முதல் 34,000 ஆண்டுகள் பழைய படிகங்களிலிருந்து, மிகச் சிலவற்றில் மட்டும், அவர்கள் ஆர்க்கியாக்களை வளர்த்தெடுத்தார்கள். நுண்ணோக்கியில் அந்த உள்துளிகளைப் பார்த்தபோது, ஆர்க்கியாக்கள் தம் வழக்கமான அளவைவிட மிகச் சிறிய உருண்டைகளாகச் சுருங்கியிருந்தன. அவற்றோடு டுனலியெல்லாவின் செல்களும் இருந்தன. பாத்தியில் வெயிலைக் கொண்டு செய்து வைத்த கிளிசரால், டுனலியெல்லா செத்தபின் துளிக்குள் கசிந்து ஆர்க்கியாவுக்கு உணவாகிறது என்பது அவர்களின் விளக்கம். பெருகாமல், தன் பழுதுகளை மட்டும் நீக்கிக்கொண்டு கிடக்கும் ஓர் ஆர்க்கியாவுக்கு ஒரேயொரு டுனலியெல்லா செல்லின் கிளிசரால் ஏறக்குறைய 1.2 கோடி ஆண்டுகளுக்குப் போதும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். பாசி இல்லாத துளிகளில் அடைபட்ட ஆர்க்கியாக்களுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.